எல்லாத் தலையும் ஒரே அளவு

“பெட்டிய இங்க பிரிக்காதீங்க டீச்சர். வாங்கி, போட்டோவுக்கு நிண்டுட்டு இறங்குங்க.”

ஷரிபுதீன் ஹாஜியார் சிரித்தபடிதான் சொன்னார். கையிலிருந்த மைக் அதைக் கல்முனைச் சந்தை வரை கொண்டுபோனது.

அதற்குள் மர்ஷூதா டீச்சர் பெட்டியைப் பிரித்துவிட்டாள். மேடையிலேயே ஸ்கார்புக்கு மேல் ஹெல்மட்டை மாட்டி, நாடாவை இறுக்கி, தலையைத் திருப்பிப் பார்த்தாள். தலை வலப்பக்கம் திரும்பியது. ஹெல்மட் சபையையே பார்த்துக்கொண்டிருந்தது.

சபை சிரித்தது.

ஸ்கூட்டியில் பாடசாலைக்குப் போகும் ஆசிரியைகள் இருபது பேருக்கு ஹாஜியாரின் அன்பளிப்பு. பின்னால் தொங்கிய பேனரில் அவருடைய முகம் ஹெல்மட்டை விட நாலு மடங்கு பெரிது. இந்த விழாவுக்குக் காரணமானவள் மூலையில், பொடி எழுத்தில் கிடந்தாள்: போன மாதம் சவளக்கடை வீதியில் விழுந்த துஷாந்தினி டீச்சர். அவள் இன்னும் கண் திறக்கவில்லை.

“ஹாஜியார், இது எனக்குப் பெரிசு. சின்ன அளவு இரிக்கா?”

“பெரிசெண்டா ஸ்கார்ப இன்னும் ரெண்டு சுத்துச் சுத்துங்க!”

முன்வரிசைக் கமிட்டிக்காரர்கள் கடமை தவறாமல் சிரித்தார்கள்.

மர்ஷூதாவுக்கு முகம் எரிந்தது. வாயை மூடிக்கொண்டு இறங்கியிருக்கலாம். ஆனால் நாளைக் காலை அவள் போக வேண்டியதும் அதே சவளக்கடை வீதிதான்.

“துஷாந்தினியும் பெரிய ஹெல்மட்தான் போட்டிருந்தா, ஹாஜியார். அவ றோட்டுல விழ முந்தியே அது கழண்டு போயிட்டு. பின்னால வந்த நான்தான் அதப் பொறுக்கின. நாடா பூட்டினபடியே இரிந்திச்சி.”

சிரிப்பு நின்றது. பேனருக்குக் கீழே நிற்பவருக்கு அது பொறுக்குமா?

“சும்மா தாற சாமானுக்கு அளவு கேக்கிற ஆள இண்டைக்குத்தான் காணுறன். எல்லாத் தலையும் ஒரே அளவுதான் டீச்சர். இந்தா, என்ட மகளும் டீச்சர்தான். அவளுக்கும் இதே பெட்டிதான். வாய் திறந்தாளா?”

வரிசையில் அடுத்ததாக நின்ற மகள் ஜெனூபா தன் பெட்டியைப் பார்த்தாள். பிறகு மர்ஷூதாவைப் பார்த்தாள்.

“எல்லாம் ஒரே அளவுதானே வாப்பா? அப்ப டீச்சர் என்டதப் போட்டுப் பாக்கட்டும்.”

அவளே பெட்டியைப் பிரித்து, மர்ஷூதாவின் ஹெல்மட்டைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதை மாட்டினாள். இரண்டு கன்னமும் இறுகின. நாடாவுக்குள் இரண்டு விரல்தான் போனது. மர்ஷூதா தலையைத் திருப்பினாள். ஹெல்மட்டும் கூடவே திரும்பியது.

“இது ஒங்களுக்கு நல்லா இரிக்கி டீச்சர். நீங்களே வெச்சுக்கங்க. நான் மத்ததப் போடுறன்.”

ஜெனூபா பெரிய ஹெல்மட்டை எடுத்துப் போட்டாள். அது வழுக்கி இறங்கி மூக்கில் நின்றது.

ஹாஜியார் பாய்ந்து வந்தார். மைக் கையிலேயே இருந்தது.

“கழட்டு புள்ள அத! அதப் போட்டுட்டு விழுந்தா ஒன்ட தலை மிஞ்சுமா? ஒன்ட தலைய அளந்துதானே ஒன்ட ஹெல்மட்ட நான் கொழும்பிலருந்து எடுப்பிச்சன்!”