அப்பாவின்ட கார்

“யோவ், பின்னால எடுய்யா!”

ஆட்டோ நிற்கும் முன்பே குதித்து இறங்கினான் வீரய்யா.

உள்ளே அவன் மனைவி ஜீவராணி. தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டிவிட்டது. முகம் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. தோட்டத்து லொறி கேட்டும் கிடைக்கவில்லை. அக்கரப்பத்தனை ஆஸ்பத்திரிக்கு இறங்க இந்த ஒற்றைப் பாதைதான்.

எதிரே, ஏற்றத்தில் ஒரு பிக்கப். அதன் பின்னால் இரும்புக் கம்பியில் பூட்டிய பழங்காலத்து ஒஸ்டின் கார்.

பிக்கப்பிலிருந்து இறங்கியவர், தோட்டப் பாடசாலைக்குப் புதிதாக வந்த கஜதீபன் மாஸ்டர்.

“பின்னுக்கு எடுக்கேலாது. கம்பி மடங்கி, கார் குறுக்க நிண்டு பாதையை அடைச்சிடும். நீங்கள் கொஞ்சம் மேல எடுங்கோ.”

ஆட்டோக்கார கிஷாந்த் எடுத்துப் பார்த்தான். மழைச் சேற்றில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது.

“ஏறாதுண்ணே.”

“அப்ப காரக் கழட்டி விடுங்க சேர்!”

“அதுக்கு பிரேக் இல்லை. கழட்டினா பள்ளத்துக்குத்தான் போகும். அப்பாவின்ட கார் தம்பி. இஞ்ச வச்சுத் திருத்தலாமெண்டு யாழ்ப்பாணத்திலயிருந்து இழுத்துக்கொண்டு வாறன்.”

வீரய்யாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

“செத்த இரும்ப அம்புட்டுத் தூரம் இழுத்தாருவீங்க, உசுரோட கெடக்குறவளுக்கு வழி விட மாட்டீங்க! யாழ்ப்பாணத்து ஆளுங்க எங்கள என்னைக்கு மனுசனா நெனச்சீங்க? நாங்க பறிக்கிற கொழுந்துத் தேத்தண்ணி மட்டும் இனிக்குதா?”

மாஸ்டர் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். விறுவிறுவென்று திரும்பிப்போய்ச் சுத்தியலோடு வந்தார்.

“அடிக்க வாறியா? வா, வா!” வீரய்யா சாரத்தை மடித்துக் கட்டினான்.

“விலகு.”

அவனைத் தாண்டிக் காரிடம் போனார். ஜன்னல் வழியே கைவிட்டு ஸ்டியரிங்கைப் பள்ளத்துப் பக்கம் ஒடித்தார். கீழே பாதையில் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டார். கம்பியின் ஆணியில் ஓங்கி அடித்தார்.

கார் மெல்லப் பின்னால் நகர்ந்தது. தேயிலைச் செடிகளை முறித்துக்கொண்டு சரிந்தது. கீழே எங்கோ ஒரு சத்தம். அவ்வளவுதான்.

மாஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. பிக்கப்பைப் பின்னால் எடுத்து, வளைவில் ஒதுக்கிக் கொடுத்தார்.

ஆட்டோ கடக்கும்போது வீரய்யா கையெடுத்துக் கும்பிட்டான்.

“அப்பா செத்துக் கனகாலம்,” என்றார் மாஸ்டர். “உங்கட மனுசிக்கு இன்னும் மூச்சிருக்கு. கெதியாப் போங்கோ.”