ஆராதனைக்கு முந்தைய ஜெபம்

ஆராதனைக்கு முன் ஜெபிக்க ஆலயத்தின் பின்னறையில் கூடியிருந்தவர்கள்: போதகர், அவர் மனைவி, சபைச் செயலர், பாடகர் குழுத் தலைவி.

செயலர் ஆமென் சொன்னதும் போதகர் அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

“இன்னைக்கு நான் பிரசங்கம் பண்ணல. இனிமேலும் கிடையாது. எனக்கு விசுவாசம் போயிடுச்சு.”

குண்டைப் போட்டாயிற்று, கூரை இடியும் என்று காத்திருந்தார். ஒரு ஓடுகூட அசையவில்லை.

“வயித்துல புளியைக் கரைக்காதீங்க ஐயா. பக்கத்துத் தெரு ஆலயம் ஆள் வராம மூடி, இப்ப உடற்பயிற்சிக் கூடம். நம்மளோடதுதான் மிச்சம். அங்கியைப் போடுங்க,” என்றார் செயலர்.

“எப்படிப் போடுறது? ஜெபத்துல நீங்க எல்லாரும் கண்ணை மூடியிருக்கீங்க. நான் மட்டும் ஒரு வருஷமா திருடன் மாதிரி கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்!”

“தெரியும் ஐயா. நடுவுல கொட்டாவிகூட விடுவீங்க,” என்றாள் பாடகர் குழுத் தலைவி.

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கண்ணை மூடிக்கிட்டா பாத்தேன்?”

“நானும் பாத்திருக்கேன்,” என்றார் செயலர்.

போதகர் மனைவியிடம் திரும்பினார். “நீயாவது...”

“நீங்க நம்புறீங்களேன்னுதாங்க நானும் வந்துக்கிட்டிருந்தேன்.”

“அப்ப வெளியில உக்காந்திருக்கிறவங்க?”

“அதை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. நீங்களும் கேட்டு வெக்காதீங்க,” என்றார் செயலர்.

மணி அடித்தது. மனைவி அவருக்கு அங்கியை மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டாள். செயலர் அவரைப் பீடத்தின் பக்கம் மெல்லத் தள்ளினார்.

சபை எழுந்து நின்றது. அவருக்குப் பின்னால் பின்னறைக் கதவு சாத்தப்பட்டு, உள்பக்கம் பூட்டும் சத்தம் கேட்டது.