டொரீன் வீட்டுக் காபி

கிளீவ்லேண்டின் அந்தப் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் வீட்டுவசதி அலுவலகக் கார் வந்து நின்றது.

"வாடகைச் சலுகைச் சீட்டுல குடியிருக்கிறவங்க வீட்டை வருஷா வருஷம் சோதிக்க வருவானே, அந்த ஆளு வந்திருக்கான்," என்றாள் மாடிப்படி முகப்பில் தெல்மாவோடு நின்றிருந்த கிறிஸ்டல். "நம்ம பில்டிங்ல அந்தச் சீட்டுல இருக்கிறது யாருடி?"

தெல்மாவிடம் பதில் தயாராக இருந்தது. "வேற யாரு? டொரீன்தான். அரசாங்கம் வாடகை கட்டுது, மகாராணி காலை நீட்டிப் படுத்திருக்கா."

துணிக்கூடையோடு படியேறி வந்த டொரீன் காதில் அது விழுந்தது. பின்னாலேயே வந்த ஆய்வாளர் அவளிடம் தாளை நீட்டி, இது எந்த வீடு என்று கேட்டார். டொரீன் அதைப் படித்துவிட்டு, தெல்மாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க சார், முதல்ல என் வீட்ல ஒரு காபி குடிங்க."

இருவரும் உள்ளே போனதும் கதவு சாத்திக்கொண்டது.

"கரெக்டாச் சொன்னடி!" என்று சிரித்துக்கொண்டே கிறிஸ்டல் வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

சற்று நேரத்தில் டொரீன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"அவ போயிட்டாளா? வந்து இவரைக் கூட்டிட்டுப் போ, தெல்மா. தாள்ல உன் பேருதான் இருக்கு. இவர் முதல்ல பாக்கிறது புகை அலாரத்தைத்தான், அதுக்கு பேட்டரி போட்டியா? இல்லன்னா என் வீட்ல இருக்கிறதைக் கழட்டித் தர்றேன்."

குனிந்த தலை நிமிராமல் தெல்மா பேட்டரிக்குக் கையை நீட்டினாள்.