தலைவர் நாற்காலியின் வாக்கு

“மாலுமி செத்துட்டான், அண்ணி. கம்பெனிக்காரனே புஸ்தகம் போட்டுச் சொல்லிட்டான். இதுக்கு மேல என்ன வழக்கு?”

எலக்ட்ரீஷியன் அப்புத்தகத்தை மேசைமீது ஓங்கி வைத்தார்.

அது பல் டாக்டரின் கிளினிக். ஞாயிற்றுக்கிழமையாதலால் நோயாளிகள் இலர். சுவரில், சொத்தைப் பல்லை விளக்கும் படத்திற்கு அருகே, விண்கலக் குழுவினரின் படம் ஒட்டப்பட்டிருந்தது.

என்றோ நின்றுபோன ஒரு தொலைக்காட்சித் தொடர். அதன் இறுதிக் காட்சியில், பழுதான அலைவாங்கியைச் சீர்செய்யும்பொருட்டு மாலுமி விண்கலத்தைவிட்டு வெளியேறுவான். அவனைப் பிணைத்திருந்த கயிறு அறுந்துவிடும். இருளில் ஒரு வெண்புள்ளியாக விலகிச் செல்வான்.

அவ்வளவே. அவன் இறந்ததாகத் திரையில் காட்டப்படவில்லை.

பின்னாளில் அத்தொடரைத் தயாரித்த கம்பெனி வெளியிட்ட புத்தகமோ, அவன் இறந்தான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது.

அப்புத்தகம் மூலக்கதையில் சேருமா, சேராதா? ஆண்டுதோறும் ரசிகர் மன்றம் கூடி, இதனை வாக்கெடுப்புக்கு விடும். சேருமெனத் தீர்ப்பானால், சுவர்ப்படத்தில் மாலுமியின் முகத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு இட வேண்டும்.

மன்றத்தில் எஞ்சியோர் நால்வர். எலக்ட்ரீஷியனும் டாக்டரும் புத்தகத்தின் பக்கம். மன்றத் தலைவரும் அவர்தம் மனைவியாகிய அண்ணியும் எதிர்ப்பக்கம்.

கண்ணால் காணாததைக் கணக்கில் சேர்க்கலாகாது என்பது தலைவர் வகுத்த விதி. வாக்குகள் சமமாயின் மாலுமி உயிரோடிருப்பான் என்பதும் அவர் வகுத்ததே.

தலைவர் கடலடியில் கம்பிவடம் பதிக்கும் கப்பலில் பணிபுரிபவர். பெரும்பாலான கூட்டங்களுக்கு அவர் வர இயலாது. எனினும் அவருடைய நாற்காலி போடப்படும். அதன் முன் ஒரு தம்ளர் தேநீர் வைக்கப்படும். அவருடைய வாக்கும் தவறாமல் எண்ணப்படும்.

“வீட்டுக்கே வராம ஓட்டு மட்டும் போடுற ஒரே ஆளு நம்ம அண்ணன்தான்,” என்று டாக்டர் சிரித்தார். “சரி, கையைத் தூக்குங்கப்பா.”

எலக்ட்ரீஷியன் கை உயர்த்தினார். டாக்டரும் உயர்த்தினார்.

எதிர்ப்பவர் யார் எனக் கேட்டபோது, அண்ணி தம் கையை வழக்கத்தினும் உயரமாகத் தூக்கினார்.

டாக்டர் காலி நாற்காலியை நோக்கி விரலை நீட்டினார்.

“ரெண்டுக்கு ரெண்டு. பய இந்த வருஷமும் பொழைச்சுக்கிட்டான்.”

எலக்ட்ரீஷியன் தலையில் அடித்துக்கொண்டார்.

“அவர் ஓட்டை எண்ணாதீங்க, தம்பி,” என்றார் அண்ணி.

“ஏன் அண்ணி?”

“அவருக்குக் கள்ள ஓட்டு பிடிக்காது.”

இருவரும் அவரை நோக்கினர். அண்ணி மேசைமீதிருந்த புத்தகத்தின் மடங்கிய முனையை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

“நேத்து கப்பல் கம்பெனி ஆளுங்க வீட்டுக்கு வந்தாங்க. கப்பல்ல இருந்து விழுந்துட்டாராம். தேடிப் பாத்தாங்களாம், ஆளு கிடைக்கலையாம். இனிமே தேட மாட்டாங்களாம்.”

நோயாளிகள் வாய் கொப்பளித்துத் துப்பும் கிண்ணத்தில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதனை நிறுத்த எவரும் எழவில்லை.

இரண்டுக்கு ஒன்று. இத்தனை ஆண்டுக்கால வாதத்தில் எலக்ட்ரீஷியன் முதன்முறையாக வென்றிருந்தார்.

அவருடைய கை இன்னும் தலைமீதே இருந்தது. அதனை மெல்ல இறக்கி, புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

“கம்பெனிக்காரன் சொன்னா ஆச்சா அண்ணி? உடம்பைக் காட்டினானா? கண்ணால காணாததை எப்படிக் கணக்குல சேக்கிறது?”

அண்ணி பிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திறந்து, தேநீர் ஊற்றத் தொடங்கினார்.

அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தவை மூன்று தம்ளர்களே.