பதியாத கணினி

யேசுரட்ணத்தின் மேசையில் இருப்பது ஒரு கணினிதான். அதற்குள் இன்னொரு கணினி குடியிருக்கிறது. வேர்ச்சுவல் மெஷின் என்று அதற்குப் பெயர். ஐந்து நிமிடத்துக்கொரு தடவை திரையைப் படம்பிடித்து, அவருக்குச் சம்பளம் தரும் கம்பனிக்கு அனுப்பும் வேவு மென்பொருளை அதற்குள் அடைத்துவைத்திருக்கிறார். லண்டன் பூனைகளின் தடுப்பூசி விவரங்களை இவரைப்போல் பதிகிற ஆள் வெள்ளவத்தையிலேயே இல்லை என்று அது நம்புகிறது. வெளிக்கணினியிலோ, வன்னிப் போரிலிருந்து உயிரோடு வந்து சேர்ந்தவர்களின் பட்டியலைக் கோயில் ஃபாதர் அனுப்புவார் என்று பதினொரு நாளாகக் காத்திருக்கிறார். தங்கை நேசம் அதில் இருக்க வேண்டும். இது கம்பனிக்குத் தெரிந்தால் வேலை போகும். ஜீப்பில் வருபவர்களுக்குத் தெரிந்தால் ஆளே போகும். ஜீப்பில் வந்த சார்ஜன்ட் இப்போது வீடு வீடாகத் தமிழர்களைப் பதியும் பொலிஸ் படிவத்தோடு அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். திரை முழுக்கப் பூனைகள். பட்டியல் வந்தால் அவற்றுக்கு அடியில்தான் வரும். "வீட்டில எத்தனை பேர்?" "ரெண்டு பேர் மஹத்தயா," என்கிறாள் மனைவி மரியகொறற்றி. "இவர் இந்தப் பெட்டியோடதான் குடும்பம் நடத்துறார். அதையும் பதியிறதெண்டா மூண்டு." சார்ஜன்ட் சிரித்து, கதிரையை மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டு அமர்கிறார். தேத்தண்ணி வருகிறது. கடற்கரை ரயில் யன்னல் கண்ணாடியை அதிரவைத்துப் போகிறது. அது ஓய்ந்ததும் வெளிக்கணினி 'டிங்' என்கிறது. மரியகொறற்றி தட்டைச் சார்ஜன்ட்டின் முன்னால் நீட்டுகிறாள். "என்ன சத்தம்?" "கடிதம் ஒண்டு வந்திருக்கு, மஹத்தயா," என்கிறார் யேசுரட்ணம். "பாக்கிறது இல்லையா?" "பிறகு பாக்கலாம்." சார்ஜன்ட் ஊதி ஊதிக் குடிக்கிறார். யேசுரட்ணம் தட்டிக்கொண்டே இருக்கிறார். பூனையின் பெயர் என்ற கட்டத்தில் நேசம் என்று விழுந்திருக்கிறது. உயிருடன் உள்ளதா என்று அடுத்த கட்டம் கேட்கிறது. மென்பொருள் அதைப் படம்பிடிக்கிறது.