உதடு மூடிய பிறகு

காலையில் குடும்பநல நீதிமன்றம் ஜெசிந்தாவின் ஐந்து வயது மகளைத் தகப்பனோடு அனுப்பிவிட்டது. "ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று நீதிபதி கேட்டபோது ஜெசிந்தாவுக்கு நா எழவில்லை.

ஒத்துக்கொண்ட வேலையாயிற்றே என்று மத்தியானம் டப்பிங் ஸ்டூடியோவுக்குப் போனாள். பிலிப்பைன்ஸ் படம். கல்யாணமாகாமல் பிள்ளை பெற்ற ஒருத்தி திரையில் நீதிபதியின் முன்னால் நின்றாள். ஜெசிந்தா அவளுக்குத் தமிழில் குரல் கொடுத்தாள்.

"இவளுக்கு அம்மாவும் அப்பாவும் நான்தான், ஐயா."

வசனம் அவ்வளவுதான். ஜெசிந்தா நிறுத்தவில்லை.

"இருட்டுன்னா அவளுக்குப் பயம், ஐயா. வெளக்க அணைக்கக் கூடாதுன்னு அவருக்குத் தெரியாது. தூக்கத்துல என் முந்தானையத் தேடுவா..."

"மேடம், திரையில அவங்க வாய மூடிட்டாங்க," என்றார் கண்ணாடிக்கு அப்பாலிருந்த ஒலிப்பதிவாளர்.

"தெரியுது சார். நான் இன்னும் முடிக்கல."