டிலோஜனின் பாதி

போதிய இடமில்லை என்று லினக்ஸ் மறுபடியும் சொன்னது.

லப்டொப்பில் விண்டோஸை அழிக்காமல் அதற்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் போட வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு குடும்பத்தை இருத்துகிற வேலை. யாராவது சாமானைக் குறைக்காமல் நடக்காது.

கொழும்புக் கம்பனி ஒன்று எனக்கு வீட்டிலிருந்தே செய்கிற வேலை தருவதாக இருந்தது. பின்னேரம் பரீட்சை. அது லினக்ஸில்தான் நடக்கும். இன்றைக்குத் தவறினால் அந்த வேலை வேறு யாருக்கோ போய்விடும்.

விண்டோஸுக்குத் திரும்பிப் போய், இடத்தையெல்லாம் தின்றது யார் என்று பார்த்தேன். வேறு யார், என் கணவர் டிலோஜன்தான்.

அவர் சுழியோடி. சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போய்க் கடலட்டை பொறுக்குகிறவர். நெற்றியில் ஒரு கமராவையும் கட்டிக்கொண்டு இறங்குவார். வந்ததும் வீடியோ எல்லாவற்றையும் எங்கள் லப்டொப்பில் கொட்டுவார். எதற்கு என்று கேட்டால் சும்மா என்பார். அந்தச் சும்மா டிஸ்க்கில் பாதியைப் பிடித்திருந்தது.

கேட்டுவிட்டு அழிக்கலாமென்றால் அவர் கடலில். போன் எடுபடவில்லை. இன்னொரு டிஸ்க் வாங்கி மாற்றலாம்தான், மன்னார் டவுணுக்குப் போய் வருவதற்குள் பரீட்சை முடிந்துவிடும்.

எல்லாவற்றையும் தெரிவு செய்தேன். அழிக்கப் போன விரல் ஏனோ நின்றது. ஒன்றையாவது பார்த்துவிட்டு அழிப்போம் என்று திறந்தேன்.

கடலுக்குள்ளும் வெயில் இறங்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பச்சைத் தண்ணீருக்குள் அது சாய்வாக இறங்கி, அடியில் வயல்வெளி மாதிரிக் கிடந்த கடற்புல்லின் மேல் ஆடிக்கொண்டிருந்தது. சூடைமீன் கூட்டமொன்று எதிரே வந்து, ஒரே நேரத்தில் திரும்பி, வெள்ளியாக மின்னிப் போனது. வெறும் மணல் என்று நினைத்த இடம் எழும்பி, திருக்கையாகி நீந்தியது. மீன்கார வீட்டில் பிறந்தவள் நான். அன்றுவரை மீனைப் பெட்டியிலும் சட்டியிலும்தான் பார்த்திருக்கிறேன். ஆண்டவரே என்று வாய் தானாகச் சொன்னது.

அடுத்ததைத் திறந்தேன். அதற்கடுத்ததையும். பரீட்சை மறந்துவிட்டது.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். அட்டைகள் கொழுகொழுவென்று கிடக்கின்றன, இந்த மனுசன் ஒன்றையும் தொடாமல் தாண்டிப் போகிறார். நேராகப் போகிறார், திரும்புகிறார், பக்கத்தால் மறுபடி நேராக வருகிறார், வயல் உழுவது மாதிரி. அடுத்த வீடியோவில் அடுத்த சால். இவர் உழைக்கப் போகிறாரா, கடல் அளக்கப் போகிறாரா என்று எரிச்சல்கூட வந்தது.

கடைசி வீடியோவில், கலங்கலுக்குள் கறுப்பாக ஏதோ தெரிந்தது.

பாறை என்றுதான் நினைத்தேன். கிட்டப் போகப் போக அது மரமானது. சரிந்து கிடக்கும் ஒரு மீன்பிடி ரோலர் படகு. உடம்பெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகப் பாசி பூத்து, திருநாளுக்குக் கோயிலில் சோடித்த மாதா சுருவக்கூடு மாதிரி இருந்தது. கபின் ஜன்னலிலிருந்து மீன்கள் வந்துகொண்டே இருந்தன. முடிகிற மாதிரியே இல்லை. நான் மூச்சுவிடவும் பயந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிலோஜனின் கை நீண்டு, முன் பலகையைத் தடவியது. பாசி புகையாகக் கிளம்பியது. ஒரு எழுத்து தெரிந்தது. அவர் மெதுவாக, நோகாமல் துடைப்பது மாதிரித் துடைத்தார்.

என் பெயர்.

அப்பா தன் ரோலருக்கு என் பெயரைத்தான் வைத்திருந்தார். நான் ஆறாம் ஆண்டு படிக்கும்போது அதில் தொழிலுக்குப் போனவர். அன்றைக்கு அடித்த கச்சான் காற்றுக்குப் பிறகு ரோலரும் வரவில்லை, அவரும் வரவில்லை. கல்லறைத் திருநாளில் ஊரெல்லாம் சேமக்காலைக்குப் போக, அம்மாவும் நானும் கடற்கரை மணலில் மெழுகுதிரி நட்டுவிட்டு வருவோம். காற்று அதை ஒரு நிமிடமும் எரிய விடாது. கலியாணத்துக்குப் பிறகு டிலோஜனும் கூட வந்து, கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

நான் அழுது முடிக்க நேரம் பிடித்தது.

பிறகு என்னுடைய பாதியைத் திறந்தேன். பாட வீடியோக்கள், படங்கள், எங்கள் கலியாண வீடியோ. எல்லாவற்றையும் அழித்தேன். லினக்ஸ் இருந்த பென்ட்ரைவை மறுபடி செருகினேன். இம்முறை லினக்ஸ் ஒன்றும் சொல்லாமல் ஏறத் தொடங்கியது.

டிலோஜன் ஈரம் காயாத தலையோடு வந்து வாசலில் நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. கையில் இருந்த மீன் பையோடே வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"கபினுக்கை நான் இன்னும் போகேல்லை," என்றார். "உன்னைக் கேட்டிட்டுப் போவம் எண்டு இருந்தனான்."